மழை குடிக்கும் தீவு

பெர்முடாவில் ஆறு கிடையாது. ஓடை கிடையாது. நன்னீர் ஏரியும் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் தீவுக் கூட்டம் அது. மொத்தப் பரப்பு சுமார் 54 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 64,000 பேர் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடிப்பதும் குளிப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் தங்கள் கூரைமேல் விழுந்த மழைநீரில்தான்.

ஆகவே அந்த ஊரின் கதையைக் கூரையிலிருந்து தொடங்குவதே முறை.

வீட்டுச் சுவர்கள் இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், வானநீலம் என்று ஆளுக்கொரு நிறம். கூரை மட்டும் எல்லா வீட்டுக்கும் வெள்ளை. சுண்ணாம்புக்கல்லைப் பலகைபோல் அறுத்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி படிப்படியாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசுகிறார்கள். படிகள் மழைநீரின் வேகத்தைத் தணிக்கின்றன. கூரையோரத்தில் சாய்வாக ஓடும் சிறு வரப்பு நீரைக் குழாய்க்குத் திருப்புகிறது. குழாய் வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டியில் இறங்குகிறது. கல்லின் கனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சூறாவளியில் இந்தக் கூரை எளிதில் பறக்காது. 1712, 1715 ஆகிய ஆண்டுகளில் அடித்த இரண்டு சூறாவளிகள் மரவீடுகளைப் பெயர்த்து எறிந்த பிறகுதான் தீவெங்கும் கல்வீடு பரவியது.

இன்று இது வெறும் பழக்கமாக நிற்கவில்லை; சட்டமாகவே இருக்கிறது. கூரைப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்காவது மழைநீர் பிடிக்க வேண்டும். நீர் பிடிக்கும் ஒவ்வொரு பத்து சதுர அடிக்கும் நூறு காலன் கொள்ளளவு தொட்டியில் இருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தொட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பருவமழை என்று தனியாக ஒரு காலம் இல்லை. பன்னிரண்டு மாதமும் பரவலாகப் பெய்யும். ஆனாலும் சில வாரம் வானம் பொய்த்துவிட்டால் தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். புயல் வந்து மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. வாளியில் கயிற்றைக் கட்டித் தொட்டிக்குள் இறக்குவார்கள். புயலுக்கு முன்பே சில வீடுகளில் குழாய் வாயை அடைத்து வைப்பதும் உண்டு. கடலின் உப்புத் திவலை கூரைமேல் படிந்து தொட்டிக்குள் போய்விடக் கூடாதே என்ற கவலை.

பழைய வீடுகள் பலவற்றில் இதைவிட அழகான ஒரு கணக்கு இருக்கிறது. வீடு கட்டும் இடத்திலேயே பாறையை ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். அறுத்த கல் சுவராகும், கூரையாகும். அறுத்த இடத்தில் விழுந்த பள்ளம் தண்ணீர்த் தொட்டியாகும். புதிதாக வெட்டிய கல் மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டு நாளாக ஆக இறுகும். இரும்பு கப்பலில் வந்தாக வேண்டிய ஊரில், நிற்கும் மண்ணிலிருந்தே வீடும் வந்தது, தண்ணீர் வைக்கும் இடமும் வந்தது.

அந்தக் கல்லை அறுத்தது யார்? பெர்முடாவைச் சுற்றிப் பார்க்கிறவர் ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. கப்பலை மறைக்கும் முக்கோணம், முழங்காலளவு கால்சட்டை என்று இந்தத் தீவைப் பற்றி உலகம் பேசும் எதிலும் அதற்குப் பதில் கிடைக்காது. வீட்டிலும் சமையலிலும் சாலையிலும் திருவிழாவிலும் கிடைக்கும்.

விமானம் இறங்கும் ஓடுதளத்திலேயே ஒரு கதை தொடங்குகிறது. கிழக்கு முனையில் செயின்ட் டேவிட்ஸ் தீவையும் அடுத்திருந்த சிறு தீவுகளையும் கடலைத் தூர்த்து இணைத்து, 1941 முதல் அமெரிக்கா கட்டிய ராணுவத் தளம் அது. பிரிட்டன் அந்த நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வீடு வாசலை விட்டு எழுந்து போனார்கள். அமெரிக்கர் 1995 இல் வெளியேறினார்கள். விமான நிலையம் மட்டும் தங்கிவிட்டது.

செயின்ட் டேவிட்ஸ் மக்கள் நெடுங்காலமாகத் தனித்தே வாழ்ந்தவர்கள். மீன்பிடித்தலும் படகோட்டலும் அவர்களின் தொழில். தங்கள் முன்னோரில் அமெரிக்கப் பழங்குடிகளும் உண்டு என்பதை வீட்டுப் பேச்சாகவே காத்து வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் நடந்த போர்களில் பிடிபட்ட பெக்கோட் முதலான இனத்தவர் இங்கே அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த உறவைத் தேடி 2002 இல் அமெரிக்கப் பழங்குடியினர் செயின்ட் டேவிட்ஸுக்கு வந்தார்கள். அன்று தொடங்கிய சந்திப்பு இரு கரை உறவினரின் திருவிழாவாகவே தொடர்கிறது. பாடப் புத்தகம் நெடுங்காலம் சொல்லாமல் விட்டதைக் குடும்பங்கள் மறக்காமல் வைத்திருந்தன.

அங்கிருந்து செயின்ட் ஜார்ஜஸ் சிறு தூரம்தான். 1609 ஜூலை 28 அன்று, வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு உணவும் ஆளும் ஏற்றிச் சென்ற 'சீ வெஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கி, இந்தத் தீவின் பவளப்பாறையில் மோதி நின்றது. கப்பலில் இருந்த சுமார் 150 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். தலைவர் தளபதி ஜார்ஜ் சோமர்ஸ். தீவில் மனிதர் எவரும் இல்லை. முன்னே வந்து போன கப்பல்கள் விட்டுச் சென்ற பன்றிகள் பெருகித் திரிந்தன. மீனும் ஆமையும் கடற்பறவையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. உள்ளூர்ச் சீடார் மரத்தையும் உடைந்த கப்பலின் பலகைகளையும் கொண்டு இரண்டு சிறு கப்பல்களைக் கட்டி, 1610 மே மாதம் பெரும்பாலோர் ஜேம்ஸ்டவுனுக்குப் புறப்பட்டார்கள்.

அந்தப் பத்து மாதத்தில் கல்யாணமும் நடந்தது, பிள்ளையும் பிறந்தது. ஜான் ரோல்ஃப் என்ற பயணிக்கு இங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெர்முடா என்றே பெயர் வைத்தார்கள். குழந்தை நிலைக்கவில்லை. பின்னாளில் வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்டு, போகஹோண்டாஸை மணந்து வரலாற்றில் இடம்பெற்றவர் அதே ரோல்ஃப்தான். சோமர்ஸ் உணவு தேடி மீண்டும் பெர்முடாவுக்கு வந்து, 1610 இல் இங்கேயே இறந்தார். அவருடைய இதயம் செயின்ட் ஜார்ஜஸில் புதைக்கப்பட்டது. உடல் இங்கிலாந்துக்குப் போனது.

1612 இல் முறையான குடியேற்றம் வந்தது. அன்று தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் இன்றும் மக்கள் வாழும் ஊர். 2000 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குறுகலான சந்துகள், தெருவை நோக்கி இறங்கும் கல்படிகள், சுவரோடு ஒட்டிய பழைய புகைபோக்கிகள். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குள் சீடார் மரத்தில் செய்த பீடம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் மேற்குப் பக்கத்துக் கல்லறை நிலத்துக்கும் போக வேண்டும். அடிமைகளையும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் தனியாகப் புதைத்த இடம் அது. ஒரே தேவாலயம், ஒரே மண், நடுவே சுவர்.

ஆப்பிரிக்க வம்சாவளியினர் இந்தத் தீவுக்கு வந்தது 1616 இல். முத்துக் குளிப்பதற்காக 'எட்வின்' என்ற கப்பலில் ஒரு கறுப்பினத்தவரும் ஓர் அமெரிக்கப் பழங்குடியும் கொண்டுவரப்பட்டார்கள் என்று பதிவு இருக்கிறது. முத்துத் தொழில் எழவில்லை, அடிமைமுறை எழுந்தது. தீவை நிர்வகித்த சோமர்ஸ் தீவுகள் கம்பெனி நிலத்தைப் பங்கு பங்காக அளந்து புகையிலை போடச் சொன்னது. அளந்தவர் ரிச்சர்ட் நார்வுட். அவர் வகுத்த எல்லைகள்தான் இன்றைய ஒன்பது வட்டாரங்களுக்கு அடிப்படை. எல்லைக்கோட்டை ஒட்டிப் போகும் குறுகிய பாதைகளில் சில இன்னும் நடைபாதைகளாக இருக்கின்றன. மண் சீக்கிரம் சலித்தது. 1684 இல் கம்பெனியும் கலைந்தது. அதன்பின் தீவு கடலை நம்பியது.

சீடார் மரத்தில் கட்டிய பெர்முடா பாய்மரக் கப்பல்கள் இலேசானவை, வேகமானவை, எளிதில் அழுகாதவை. கட்டியவர்களிலும் ஓட்டியவர்களிலும் பாதிப்பேர் போல அடிமைகள்தான்: தச்சர், கொல்லர், கொத்தர், மாலுமி. பாறை நிறைந்த இந்தக் கடலில் வழிகாட்டும் கலையும் அவர்கள் கையில் இருந்தது. 1795 இல் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல் ஒன்றைப் பவளப்பாறைகளின் ஊடே சேதமில்லாமல் வழிநடத்தியவர் ஜெம்மி டாரல் என்ற அடிமை. கப்பலின் தளபதி பரிந்துரை செய்ய, அடுத்த ஆண்டு அவருக்கு விடுதலை கிடைத்தது. அரசு வழிகாட்டிகளில் ஒருவரானார். செயின்ட் ஜார்ஜஸில் சொந்த வீடும் வாங்கினார். அந்த வீடு இன்னும் நிற்கிறது.

செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்கே போக முன்பு படகுதான். 1871 இல் கடல்மேல் கல்பாலம் வந்தது. இப்போது இளஞ்சிவப்பும் நீலமும் பூசிய பேருந்து போகிறது. பேருந்தில் ஏறுகிறவர் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துக் காலை வணக்கம் சொல்வது இந்த ஊர் வழக்கம். கடையில் விலை கேட்பதற்கு முன்பும் வணக்கம்தான் முதலில். சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால், வளர்ப்புச் சரியில்லை என்று நினைப்பார்கள்.

பேருந்து போகும் வழியில் டெவன்ஷயர் என்ற வட்டாரம் வருகிறது. பசுமையான, அமைதியான வட்டாரம். 1788 வாக்கில் இங்கேதான் மேரி பிரின்ஸ் பிறந்தார். அடிமைப் பெற்றோரின் மகள். சிறுவயதிலேயே தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்து விற்கப்பட்டார். பிறகு டர்க்ஸ் தீவுகளின் உப்பளத்துக்கு அனுப்பப்பட்டார். பெர்முடாவிலிருந்து தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் அந்தத் தீவுகளில், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பெர்முடாக்காரர்கள் உப்பு வாரி விற்று வந்தார்கள். வாரியவர்கள் அடிமைகள். விடிவதற்கு முன் இறங்கி, உப்பு நீரில் மணிக்கணக்காக நின்று, கால்கள் கொப்பளித்துப் புண்ணாகி எலும்புவரை அரிக்கும் வேலை. மேரி பிரின்ஸ் பின்னாளில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து, தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதச் செய்தார். 1831 இல் அது நூலாக வந்தது. தன் வரலாற்றைப் பிரிட்டனில் நூலாக வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். அடிமைமுறை ஒழிப்புக்குப் போராடியவர்கள் கையில் அந்தச் சிறு நூல் பெரிய சாட்சியமாயிற்று.

அந்த உப்பு எங்கே போனது என்று கேட்டால் பெர்முடாவின் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவில் வந்து நிற்கலாம். உப்பில் ஒரு பகுதி வட அமெரிக்கத் துறைமுகங்களுக்குக் கப்பலேறியது. அங்கே காட் மீனை உப்பிட்டுக் காய வைத்தார்கள். காய்ந்த மீன் தெற்கே கப்பலேறியது. நெடுநாள் கெடாது, விலை மலிவு என்பதால் அடிமைகளின் உணவாகவும் ஏழைகளின் உணவாகவும் ஆயிற்று. இன்று பெர்முடாவில் அதுவே ஊர் முழுவதற்கும் விருந்து. முந்தின இரவே கருவாட்டை நீரில் ஊறப்போட்டு உப்பை வடிப்பார்கள். காலையில் உருளைக்கிழங்கோடு வேகவைத்து, தட்டில் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், அவகாடோத் துண்டுகள் வைத்து, மேலே தக்காளிக் குழம்போ வெண்ணெயோ ஊற்றுவார்கள். செல்வர் வீட்டிலும் இதே தட்டு, கூலிக்காரர் வீட்டிலும் இதே தட்டு. உப்பளத்தில் புண்ணான கால்களுக்கும் இந்தத் தட்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டுக் கப்பல் பாதை ஓடுகிறது.

சமையலில் இன்னும் பலர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் மரவள்ளிக்கிழங்கு வேண்டும். கிழங்கைத் துருவிச் சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சாதிக்காய் சேர்த்துப் பிசைந்து, நடுவே கோழியோ பன்றியிறைச்சியோ வைத்து மணிக்கணக்காகச் சுடுவார்கள். வெளியே இனிப்பு, உள்ளே காரசாரம். புனித வெள்ளிக்கு மீன் பணியாரம் போன்ற காட் உருண்டையைத் தட்டி, வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தின்பது. அன்றைக்கே பட்டமும் விடுவார்கள். மெல்லிய வண்ணத்தாளும் குச்சியும் கொண்டு அறுகோணமாகவும் எண்கோணமாகவும் கட்டிய பட்டங்கள். தாளை வெட்டி உச்சியில் ஒட்டுகிற ஒரு துண்டு காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்கும். கடற்கரையெல்லாம் அன்று அந்த ஒலிதான்.

போர்த்துகீசிய சிவப்பு பீன்ஸ் சூப் இன்று தீவின் உணவகங்களில் எங்கும் கிடைக்கும். அதை 1849 நவம்பர் 4 அன்று வந்த கப்பலோடு சேர்த்து நினைக்க வேண்டும். மடெய்ராத் தீவிலிருந்து 58 பேரை ஏற்றிக்கொண்டு 'கோல்டன் ரூல்' ஹாமில்டன் துறைமுகத்துக்கு வந்தது. அடிமைமுறை ஒழிந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. விவசாயத்துக்கு ஆள் தேடினார்கள். முதலில் மடெய்ராவிலிருந்தும், பின்னர் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அவர்கள் உழைப்பில் பெர்முடா வெங்காயம் நியூயார்க் சந்தையைப் பிடித்தது. இனிப்பான, காரம் குறைந்த வெங்காயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெட்டி பெட்டியாக நீராவிக் கப்பலில் ஏறியது. பெர்முடாக்காரர்களுக்கே வெங்காயம் என்று பட்டப்பெயர் வந்தது. இன்றும் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு டெக்சாஸ் விவசாயிகள் அதே வகை வெங்காயத்தைப் பெருமளவில் பயிரிட்டார்கள். அமெரிக்கா இறக்குமதி வரியும் போட்டது. தீவின் வெங்காய வணிகம் படுத்துவிட்டது. ஆனாலும் செயின்ட் ஜார்ஜஸில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் விளக்குகள் பதித்த பெரிய வெங்காய உருவம் ஒன்றைச் சதுக்கத்தில் மேலிருந்து இறக்கி மக்கள் கொண்டாடுகிறார்கள்.

ஹாமில்டன் 1815 இலிருந்து தலைநகரம். துறைமுகத்தை ஒட்டிய ஃபிரன்ட் வீதியில் வெளிர்நிறக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று பன்னாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் நகரம் இது. அதே துறைமுகத்துக்கு 1835 பிப்ரவரியில் 'என்டர்பிரைஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் புயலில் ஒதுங்கியது. உள்ளே 78 அடிமைகள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பெர்முடாவில் அதற்கு முந்தைய ஆண்டு, 1834 ஆகஸ்ட் 1 அன்று, அடிமைமுறை ஒழிந்திருந்தது. புதிதாக விடுதலை பெற்றவர்கள் தங்களுக்குள் நிதி சேர்த்து நடத்திய நல்லுறவுச் சங்கம் ஒன்று நீதிமன்றத்தை நாடியது. அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கி நீதிபதி முன் நிறுத்தினார்கள். விடுதலை வேண்டுமா, கப்பலுக்குத் திரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. 72 பேர் விடுதலை கேட்டார்கள். ஒரு தாயும் அவருடைய ஐந்து குழந்தைகளும் மட்டும் திரும்பினார்கள்.

ஏழு மாதத்துக்கு முன்வரை தாங்களே அடிமையாக இருந்தவர்கள் அந்நியக் கப்பலில் வந்தவர்களுக்காக வழக்குப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. இத்தகைய சங்கங்கள்தான் பின்னாளில் பள்ளி நடத்தின, நோயாளிக்குப் பணம் கொடுத்தன, இறந்தவருக்குச் சவச்செலவு செய்தன. சட்டம் விடுதலை கொடுத்ததே தவிர நிலமோ கூலியோ கொடுக்கவில்லை. வாக்குரிமைக்கான சொத்து வரம்பைச் சட்டமன்றம் அந்தச் சமயத்திலேயே உயர்த்திவிட்டது.

சொத்து இல்லாதவர்க்கு வாக்கு இல்லை. பெண்ணுக்குச் சொத்து இருந்தாலும் வாக்கு இல்லை. 1930களில் கிளாடிஸ் மோரல் என்ற பெண்மணி, வாக்கு இல்லாதவள் வரி கட்ட மாட்டேன் என்று நின்றார். அதிகாரிகள் அவருடைய வீட்டுச் சாமானை ஜப்தி செய்து ஏலம் போட்டார்கள். அந்த ஏலத்தையே அவர் கூட்டமாக்கிவிடுவார். 1944 இல் சொத்துள்ள பெண்களுக்கு வாக்கு வந்தது. எல்லா வயதுவந்தோரும் சமமாக வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1968 இல்தான் நடந்தது.

இடையில் நடந்தது 1959 இன் திரையரங்கப் புறக்கணிப்பு. கறுப்பினத்தவருக்கு ஓர் இடம், வெள்ளையருக்கு வேறோர் இடம் என்று திரையரங்குகள் பிரித்து உட்கார வைத்தன. முற்போக்குக் குழு என்ற பெயரில் சில இளைஞர்கள் இரகசியமாகக் கூடி, துண்டறிக்கை ஒட்டினார்கள்: ஜூன் 15 முதல் படத்துக்குப் போகாதீர்கள். மக்கள் போகவில்லை. மாலைதோறும் திரையரங்க வாசலில் கூட்டம் நின்றதே தவிர உள்ளே நுழையவில்லை. மூன்று வாரம் முடிவதற்குள் திரையரங்குகள் பிரிவினையைக் கைவிட்டன. விடுதிகளும் உணவகங்களும் அடுத்தடுத்து இறங்கி வந்தன. வேலையும் வீட்டுக்கடனும் போய்விடும் என்ற அச்சத்தால் குழுவினர் தங்கள் பெயரை நாற்பது ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. சிறு ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே அத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்ததே பெரிய வீரம்.

தலைநகரை விட்டு மேற்கே போகப் பேருந்தைவிட நடை நல்லது. நடப்பதற்கு ஒரு பாதை இருக்கிறது. அது ஒருகாலத்தில் ரயில்பாதை. பெர்முடா மோட்டார் காரை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஊரின் அமைதி கெடும் என்று எழுந்த எதிர்ப்பு மனுவில் அங்கே ஓய்வுக்கு வந்த மார்க் ட்வைனும், பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சனும் கையெழுத்திட்டிருந்தார்கள். 1908 இல் காருக்குத் தடை வந்தது. குதிரை வண்டியும் மிதிவண்டியும்தான் போக்குவரத்து. 1931 இல் ரயில் ஓடத் தொடங்கியது. கடலோரமாக, வளைகுடாக்களைப் பாலங்களால் தாண்டி ஓடிய அதைக் கடகடவென்று ஆட்டும் வண்டி என்று செல்லமாகக் கேலி செய்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது கூட்டம் தாங்காமல் தேய்ந்தது. 1946 இல் காருக்கு அனுமதி கிடைத்ததும் ரயிலின் காலம் முடிந்தது. 1948 இல் நின்றது. வண்டிகளைப் பிரிட்டிஷ் கயானாவுக்கு விற்றுவிட்டார்கள். தடம் நடைபாதையாகத் தங்கியது.

கார் வந்தாலும் கட்டுப்பாடு போகவில்லை. வீட்டுக்கு ஒரு கார்தான். அளவுக்கும் வரம்பு உண்டு. தீவெங்கும் வேக எல்லை மணிக்கு 35 கிலோமீட்டர்.

அந்த ரயிலில் வேலை பார்த்தவர் ஜானி பார்ன்ஸ். பிறகு பேருந்து ஓட்டுநர். ஓய்வு பெற்ற பிறகு, 1980களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஹாமில்டனுக்குள் நுழையும் போக்குவரத்து வட்டத்தில் விடியற்காலையிலேயே வந்து நின்று, வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் கையசைத்து, உங்களை நேசிக்கிறேன் என்று சொல்வார். அவர் வராத நாளில் வானொலி நிலையத்துக்கு விசாரித்துத் தொலைபேசி அழைப்பு வரும். உயிரோடு இருக்கும்போதே, 1998 இல், அவருக்குச் சிலை வைத்தார்கள். 2016 இல் 93 வயதில் காலமானார்.

நடைபாதையின் இரு பக்கமும் சவுக்கு மரங்கள் நிற்கின்றன. அவை இந்த மண்ணின் மரங்களல்ல. 1940களில் வெளியிலிருந்து வந்த செதில் பூச்சி தாக்கி, தீவின் சீடார் மரங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு பட்டுப்போயின. கப்பலும் பெட்டியும் தொட்டிலும் சவப்பெட்டியும் கொடுத்த மரம். கல்யாணக் கேக்கின் உச்சியில் ஒரு சீடார் நாற்றை வைத்து, மணமக்கள் அதைத் தங்கள் வீட்டில் நடுவது பெர்முடா மரபு. காடு அழிந்த பிறகு அந்த மரபுக்குக் கனம் கூடிவிட்டது. காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். மறுபக்கம் சீடாரையும் விடாமல் நட்டு வருகிறார்கள்.

அழிந்தது என்று எழுதி வைத்ததும் ஒன்று திரும்பியிருக்கிறது. கஹாவ் என்ற கடற்பறவை முதல் குடியேறிகளின் பசிக்கு இரையாகி, 1620களிலேயே முடிந்துபோனதாகக் கருதப்பட்டது. 1951 இல் பாறைத் திட்டுகளில் அதன் கூடுகளைக் கண்டார்கள். அந்தக் குழுவோடு போயிருந்த பதினைந்து வயதுச் சிறுவன் டேவிட் விங்கேட், பின்னர் தன் வாழ்நாளையே அந்தப் பறவைக்குக் கொடுத்தார். நான்சச் என்ற தரிசுத் தீவில் உள்ளூர் மரங்களை நட்டு, பறவைக்கு வாழ்விடத்தை மீண்டும் உண்டாக்கினார்.

தூண்டில் முள்போல் வளைந்த தீவுக் கூட்டத்தின் மேற்கு நுனியில் இருப்பது பழைய கடற்படைத் தளம். 1809 இல் தொடங்கிய கட்டுமானத்தில் முதலில் அடிமைகள் கல் சுமந்தார்கள். 1824 முதல் 1863 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கொண்டுவந்த கைதிகள் வெட்டினார்கள். சுமார் 9,000 பேர் வந்தார்கள். பழைய கப்பல்களின் உடலில் அடைத்து வைக்கப்பட்டு, மஞ்சள் காய்ச்சலிலும் பிற நோயிலும் ஏறத்தாழ 2,000 பேர் இங்கேயே மாண்டார்கள். இன்று சொகுசுக் கப்பல்கள் வந்து கட்டும் துறை அது. ஆணையர் மாளிகை தேசிய அருங்காட்சியகத்தின் பகுதியாகிவிட்டது. அடிமை வணிகம் முதல் போர்த்துகீசியர் வருகை வரை தீவின் கதையை அங்கே அறை அறையாகப் பார்க்கலாம்.

அதற்குச் சற்று முன்னால் சாமர்செட் ஊரும் பாலமும். உலகின் மிகச் சிறிய தூக்குப்பாலம் என்று சொல்வார்கள். நடுவே ஒரு பலகையைத் தூக்கினால், பாய்மரப் படகின் கொம்பு நுழையும் அளவுக்கு மட்டும் வழி திறக்கும்.

சாமர்செட்டுக்கு வருவதற்கு நல்ல காலம் ஜூலை முடிவு. விடுதலை நாளைக் கொண்டாட நல்லுறவுச் சங்கங்கள் ஊர் விட்டு ஊர் போய் விருந்துண்டு கிரிக்கெட் ஆடிய வழக்கம், 1902 இல் கிழக்கின் செயின்ட் ஜார்ஜஸுக்கும் மேற்கின் சாமர்செட்டுக்கும் நடக்கும் கோப்பை ஆட்டமாயிற்று. தீவே இரண்டாகப் பிரியும். கடும் நீலமும் வெளிர்நீலமும் செயின்ட் ஜார்ஜஸுக்கு. நீலமும் சிவப்பும் சாமர்செட்டுக்கு. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்றுள்ள வீடுகள் உண்டு. மைதானத்தைச் சுற்றிக் கூடாரம், மீன் வறுவல், சிப்பி இறைச்சி அடை. மற்ற நாளில் தடைசெய்யப்பட்ட பகடைச் சூதாட்டத்துக்கு அந்த இரண்டு நாள் மட்டும் அனுமதி. மயிலிறகுத் தலைப்பாகையும் சிறு கண்ணாடிகள் தைத்த உடையும் முகமூடியும் அணிந்து, முரசு முழங்க கோம்பே ஆட்டக்காரர்கள் வருவார்கள். அடிமைக் காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டும் ஆட விடப்பட்ட ஆட்டம் அது. ஆப்பிரிக்காவும் கரீபியனும் அமெரிக்கப் பழங்குடியும் ஆங்கிலப் பட்டாளத்தின் முரசும் அதில் கலந்திருக்கின்றன. குடும்பம் குடும்பமாகக் கற்பித்து வளர்க்கிறார்கள்.

இந்தியக் கிரிக்கெட் இரசிகர்கள் பெர்முடாவை ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள். 2007 உலகக் கோப்பையில் மார்ச் 19 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில், பருத்த உடலோடு பெர்முடா ஆட்டக்காரர் டுவெய்ன் லெவராக் வலப்பக்கம் பாய்ந்து ஒரே கையில் ராபின் உத்தப்பாவின் பந்தைப் பிடித்தார். பிடித்துவிட்டு மைதானமெங்கும் ஓடினார். இந்தியா அன்று 413 ரன் குவித்து வென்றது; ஆனாலும் நினைவில் நிற்பது அந்தப் பிடிதான். அத்தகைய ஆட்டக்காரர்களை வளர்க்கும் நிலம் இந்த இரண்டு ஊர் மைதானங்களும் அவற்றின் இரண்டு நாள் ஆட்டமும்.

முதல் நாள் விடுமுறைக்குப் பெயர் விடுதலை நாள். இரண்டாம் நாளுக்கு நெடுங்காலம் தளபதி சோமர்ஸின் பெயர் இருந்தது. 2020 இல் அதை மாற்றி மேரி பிரின்ஸ் நாள் என்று அறிவித்தார்கள். ஆட்டம் ஓர் ஆண்டு சாமர்செட்டிலும் அடுத்த ஆண்டு செயின்ட் ஜார்ஜஸிலும் நடக்கும். கடைகள் அந்த இரண்டு நாளும் அடைத்திருக்கும். பார்க்கப் போகிறவர் நிறக் கொடியை முன்னதாகவே வாங்கி, எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு போவது நல்லது. வாசலிலேயே கேட்பார்கள்.